மேடையில் ஏற்றிவிட்டால் தன்னம்பிக்கை வந்துவிடுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. உங்கள் குடியிருப்பில் சில பெற்றோர் சேர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை நாடகம், ஓவியம், பாட்டு என்று ஏதாவது நடத்தலாமா என்று யோசிக்கிறீர்கள். அதனால் தன்னம்பிக்கை நிஜமாகவே வளருமா, எந்தக் கலையை எடுப்பது, வருடக் கடைசியில் பெரிய விழா வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம், நாலு பேர் முன்னால் வாயே திறக்காத உங்கள் எட்டு வயது மகளை இதில் சேர்க்கலாமா என்பதும்.

வளரும். ஆனால் நாடகமோ ஓவியமோ அதைத் தானாகச் செய்துவிடாது. பிள்ளைகளுக்கான நாடகப் பட்டறைகளில் வருடக்கணக்காக வேலை செய்கிறவள் நான். ஒரே கலை, ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே அளவு ஆர்வமுள்ள பெரியவர்கள் என்று இரண்டு இடங்கள் இருக்கும். ஓரிடத்தில் பிள்ளை ஆறு மாதத்தில் நிமிர்ந்து நிற்கும். இன்னோரிடத்தில் முன்பைவிடக் குறுகிப் போயிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலையைப் பிள்ளை செய்ததா, பிள்ளையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் செய்தார்களா?

தன்னம்பிக்கை என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. "நான் மதிப்புள்ள ஆள்" என்ற எண்ணம் ஒன்று. "இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்" என்ற எண்ணம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை. அந்த எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற இன்னொருவர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது. "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது மூன்றாவது. அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை, அதாவது நெஞ்சு படபடக்கிறதா, கை நடுங்குகிறதா என்பது நான்காவது. இவற்றில் வலுவானது தானே செய்து முடித்ததுதான். வார்த்தைக்கு அதற்குப் பக்கத்தில் வரும் பலம் கிடையாது.

இப்போது நாம் வழக்கமாக நடத்தும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். "சூப்பர்", "அருமை", "நீ ஒரு ஸ்டார்" என்ற மழை. ஒரு மாநில அரசே இந்த வழியில் இறங்கியதுண்டு. 1986-இல் கலிஃபோர்னியா மாநிலம், மக்களின் சுயமதிப்பை உயர்த்தினால் படிப்பில் பின்தங்குவது முதல் குற்றம் வரை பல சிக்கல்கள் குறையும் என்று நம்பி அதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்த நம்பிக்கை பரவலாக ஓடிய பிறகு, ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். சுயமதிப்பு ஏறியதால் படிப்பு ஏறியது என்பதற்கு ஆதாரம் தேறவில்லை. நன்றாகச் செய்ததன் விளைவாகத்தான் சுயமதிப்பு ஓரளவு ஏறுகிறது. குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டியிருந்தார்கள்.

பாராட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மிகையான பாராட்டு யாரைக் குலைக்கிறது என்பது கவலைக்குரிய விஷயம். நெதர்லாந்தில் எடி பிருமெல்மனும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை ஓர் ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு, ஓர் ஓவியர் எழுதியதாக ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்" என்ற சாதாரணப் பாராட்டு. சிலருக்கு நம்பவே முடியாத அளவு அழகு என்ற பெரும் பாராட்டு. அடுத்து, சுலபமான படங்களை வரையலாம் அல்லது கடினமானவற்றை வரையலாம், நீயே எடுத்துக்கொள் என்றார்கள். தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்திருந்த பிள்ளைகள், பெரும் பாராட்டு கிடைத்தபோது சுலபமானதைத் தேடிப் போனார்கள். அவ்வளவு உயரத்தில் ஒருமுறை தூக்கி வைத்தால் அடுத்த தடவை விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இதில் சோகம் என்னவென்றால், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தால்தான் பெரியவர்களுக்குப் பாராட்டைக் கொட்டத் தோன்றும்.

சரி, என்னதான் சொல்வது? பார்த்ததைச் சொல்லுங்கள். "மூணு தடவை கலைச்சிட்டு நாலாவதா இந்தக் கோட்டைப் போட்டியே, ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது பிள்ளை தன் வேலையைத் தானே பார்க்கிறது. அந்த ஒரு கேள்விக்கு நூறு "சூப்பர்" ஈடாகாது.

பரிசும் இதே வகைதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்து 1973-இல் வெளியிட்ட சோதனையில், தாங்களாகவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகள் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். பிறகு சும்மா விளையாடும் நேரத்தில் கவனித்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆகவே முதல் நாளே கோப்பையை மேஜை மேல் அடுக்கி வைக்காதீர்கள். பங்கேற்புச் சான்றிதழ் அச்சடிக்கிற வேலையும் மிச்சம்.

எந்தக் கலை என்ற கேள்விக்கு நேர்மையான பதில், உங்களில் யாருக்கு எது நிஜமாகவே கைவந்திருக்கிறதோ அது. அரைகுறையாகத் தெரிந்தவர் நடத்தும் நாடகத்தைவிட, தச்சு வேலை தெரிந்தவர் நடத்தும் மரப்பட்டறை மேல். இருந்தாலும் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கிளென் ஷெல்லன்பெர்க், ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்காகப் பிரித்து ஓராண்டு ஒரு குழுவுக்கு விசைப்பலகை, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2004-இல் முடிவு வந்தபோது, இசை படித்தவர்களின் ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறியிருந்தது என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று: மற்றவர்களோடு பழகும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் காட்டியது நாடகக் குழு மட்டுமே. நாடகத்தில் எதிரில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் ஓர் அடி நகர முடியாது. காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நாடகம் என்றதும் வசனத்தை மனப்பாடம் செய்வது என்று நினைக்காதீர்கள். வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1920-களில் சிகாகோவில் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்காக நடந்த சமூக மையத்தில் நேவா பாய்ட் என்பவரிடம் பயிற்சி பெற்றவர். வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகளை விளையாட்டு ஒன்றுசேர்க்கும் என்பதை அங்கே கற்றுக்கொண்டு, பிற்பாடு நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க நடிப்புப் பயிற்சியில் ஆடப்படுகிறவற்றில் நிறைய அவர் வழி வந்தவை. கண்ணுக்குத் தெரியாத பந்தை வட்டமாக நின்று வீசிப் பிடிப்பது, ஒருவர் அசைவதை எதிரில் நிற்பவர் கண்ணாடி போலச் செய்வது, இப்படி. சரி, தப்பு என்று தீர்ப்பு சொல்லும் ஆள் ஒருவர் தலைக்கு மேல் நின்றால் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்கத் தொடங்கிவிடும் என்பதில் ஸ்போலின் கறாராக இருந்தார். பாராட்டு கூட அவருக்கு அந்தத் தீர்ப்பில் சேர்த்திதான்.

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தால் நான் பொம்மலாட்டத்தில் தொடங்குவேன். திரைக்குப் பின்னால் முகம் தெரியாது; பேசுவது நானில்லை, பொம்மை. ஒரு பட்டறையில் ஒன்பது வயதுப் பையன் பழைய காலுறையில் முதலை செய்துகொண்டிருந்தான். கட்டைவிரல் போகிற இடத்தைத் தப்பாகத் தைத்துவிட்டதால் வாய் திறக்கவில்லை. உதவிக்கு வந்திருந்த ஒரு தாய் "கொடுப்பா, ஒரு நிமிஷத்துல பிரிச்சுத் தரேன்" என்று கையை நீட்டினார். பட்டறையை நடத்தியவர் அவர் தோளைத் தொட்டு, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பையன் காலுறையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தான், இழுத்தான், ஒரு தடவை தூக்கிப் போட்டான். பத்து நிமிடம் கழித்து ஓர் அட்டைத் துண்டை இரண்டாக மடித்து வாய்க்குள் செருகினான். இப்போது விரலை அழுத்தினால் அட்டை "டப்" என்று மூடியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துப்போய், என் முதலை பேசாது, "டப்" மட்டும்தான் சொல்லும் என்று அறிவித்துவிட்டான். அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் அந்த வாயை எப்படிச் செய்வது என்று கேட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தத் தாய் பிரித்துக் கொடுத்திருந்தால் முதலை அழகாக இருந்திருக்கும். அவனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு திறமைதான். அதற்கு ஒரு வரலாறே உண்டு. டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் கட்டிய ஒழுங்கான விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் ஆடுவதைக் கவனித்தார். 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதே, கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ருப்பில் பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் என்று போட்டுவைத்த ஒரு திடல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் தாங்களே குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், திரும்பக் கட்டினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த பெரியவரின் வேலை, பொருள் தீராமல் பார்த்துக்கொள்வதும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதும். பாடம் நடத்துவது இல்லை. போருக்குப் பிறகு இந்த யோசனை பிரிட்டனுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. உங்களிடம் திடல் இல்லாவிட்டால் பரவாயில்லை. அட்டைப் பெட்டி, கயிறு, துணி, ஒட்டும் டேப் நிறைந்த ஓர் அறை இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முடிவெடுப்பதிலும் இதே கதைதான். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பெரியவர்களின் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குக் கருத்துக் கேட்பது. ஒரே நிறத்தில் உடை போட்டு, புரியாத வாசகத்தைச் சொல்ல வைத்து, விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க வைக்கிறோமே, அது இரண்டாவது படி. உங்கள் நிகழ்ச்சியில் பிள்ளைகள் நிஜமாகவே முடிவு செய்யும் விஷயங்கள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கதை என்ன, யார் என்ன செய்வது, சுவரில் எதை வரைவது, யாரைக் கூப்பிடுவது. தாள் காலியாக இருந்தால், நடப்பது பெரியவர்களின் நிகழ்ச்சி. ஆனால் ஒன்று, நீங்கள் ஏற்கத் தயாராக இல்லாத முடிவைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். ஓட்டெடுப்பு வைத்துவிட்டு, பிறகு "அது சரிப்படாது" என்று மாற்றினால் கேட்காமலே இருந்ததைவிட மோசம்.

விழாவுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. விழா தேதி குறித்த நாளிலிருந்து நிகழ்ச்சியின் சுபாவமே மாறிவிடுகிறது. ஏற்கெனவே நன்றாகப் பேசும் பிள்ளைக்குப் பெரிய வேடம், பேசாத பிள்ளை மரமாக நிற்கும். வாரக்கணக்கில் ஒரே ஒத்திகை. யார் தப்பு செய்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பண்டூரா சொன்ன நான்காவது வழி இங்கே எதிர்த்திசையில் வேலை செய்யும்: முந்நூறு பேர் முன்னால் தொண்டை அடைத்து நின்ற பிள்ளையின் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஏழெட்டு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கூர்மையாகிவிடுகிறது. அதனால் அடி இன்னும் பலமாக விழும்.

விழா வேண்டாம் என்றால் பெற்றோர் விட மாட்டார்கள், தெரியும். அப்படியானால் சிறியதாக, அடிக்கடி வையுங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடம், செய்துகொண்டிருப்பதை அரைகுறையாகவே காட்டுவது. முதல் தடவை பார்வையாளர்கள் இன்னொரு பிள்ளைக் குழு மட்டும். அடுத்த தடவை ஒரு பிள்ளைக்கு ஒரு விருந்தாளி. பிறகு வேண்டுமானால் எல்லோரும். விளக்கு, ஒலி, திரை, அறிவிப்பு எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். "மேலே போறதுக்கு முன்னாடி நெஞ்சு அடிச்சுக்கும், எனக்கும் அடிச்சுக்கும், அது தயாராகிறதோட அடையாளம்" என்று முன்பே சொல்லிவைத்தால் படபடப்பு பாதி பயத்தை இழந்துவிடும்.

வயது கலந்திருப்பது நல்லதா என்று கேட்பீர்கள். நல்லது, ஓரளவுக்கு. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அபிரேயு 1975-இல் தொடங்கிய எல் சிஸ்தேமா என்ற இசைத் திட்டத்தில், கொஞ்சம் முன்னே போன பிள்ளை பின்னால் வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். ஆசிரியர் வாசிப்பதைப் பார்த்தால் "அவருக்கு வரும்" என்று தோன்றும். பக்கத்துத் தெருப் பெண் வாசிப்பதைப் பார்த்தால் "எனக்கும் வரும்" என்று தோன்றும். அந்தத் திட்டத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். மேலிருந்து கட்டளை போடும் ஒழுங்கு அது என்று கடுமையாகச் சாடியவர்களும் உண்டு. 2,914 பிள்ளைகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான மதிப்பீட்டில், சுயகட்டுப்பாட்டிலும் நடத்தையிலும் சில நல்ல மாற்றங்கள் தெரிந்தன. அளந்துபார்த்த வேறு பல விஷயங்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்பேன்.

இந்த மதிப்பீடு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. ஓரிடத்தில் வந்த நம்பிக்கை எல்லா இடத்துக்கும் தானாக வழிந்து ஓடாது. சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர், பிள்ளைகள் தங்களைப் படிப்பில், நட்பில், விளையாட்டில், தோற்றத்தில், நடத்தையில் என்று தனித்தனியாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று காட்டினார். நாடகத்தில் கலக்கும் பிள்ளை கணக்கு வகுப்பில் கையைத் தூக்காமல் இருக்கலாம். பெற்றோரிடம் அதிகமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மகள். கூச்சம் வேறு, தன்னம்பிக்கை இல்லாமை வேறு. புது இடத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவது சில பிள்ளைகளின் பிறவிச் சுபாவம். அதை மாற்றியே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை. எந்த விளையாட்டிலும் "நான் இப்போ பாஸ்" என்று சொல்லும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், அவளுக்கு மட்டும் சலுகையாக வேண்டாம். அவள் காதுபட "இவ கொஞ்சம் கூச்சப்படுவா" என்று யாரும் அறிமுகப்படுத்தாதீர்கள். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டால் பிள்ளை அதற்கேற்ப நடக்கத் தொடங்கும். அவள் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைக் கொடுங்கள். மேளத்தில் ஒரு தட்டு விழுந்தால்தான் அடுத்த காட்சி தொடங்கும் என்றால், அந்தத் தட்டு அவளுடையது. பேச்சு பிறகு வரட்டும், வராமலும் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் கலகலவென்று பேசுகிற பிள்ளை, பள்ளி போன்ற இடங்களில் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பேசவே பேசாமல் இருந்தால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். செலெக்டிவ் மியூட்டிசம் என்று ஒரு பதற்றக் கோளாறு இருக்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். கலை வகுப்பு அதற்குத் துணையாக இருக்கும், சிகிச்சை ஆகாது.

நடைமுறை விஷயங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து பேர். இரண்டு பெரியவர்கள், எப்போதும் அதே இருவர். ஒரு பெரியவர் மட்டும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துவிடுங்கள். நல்லவர்களுக்கும் அது பாதுகாப்பு. ஒரே கிழமை, ஒரே நேரம். குறைந்தது நான்கு மாதமாவது தொடர்ந்து நடக்கட்டும். இரண்டு நாள் முகாமில் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் கிடைக்கும். தடுக்கி விழுந்து, திரும்ப வந்து, சரிசெய்து முடிக்கும் அளவுக்கு அதில் நேரம் கிடையாது. புகைப்படம் எடுக்கப் பெற்றோரிடம் கேட்பது போலப் பிள்ளையிடமும் கேளுங்கள், குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால்.

பலன் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள "இப்போ உனக்குத் தைரியம் வந்திருக்கா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். பெரியவரைத் திரும்பிப் பார்க்காமல் வேலையைத் தொடங்குகிறதா, கெட்டுப்போனதும் எவ்வளவு நேரத்தில் மறுபடி கையில் எடுக்கிறது, "இது எனக்குப் பிடிக்கலை" என்று சொல்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கடைசியில் சொன்னது நடக்கத் தொடங்கும்போது சில பெற்றோர் உங்களிடம் புகாரோடு வருவார்கள், வீட்டிலும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று. வகுப்பு சரியாகத்தான் நடக்கிறது என்று அர்த்தம். அவர்களை உட்கார வைத்துப் பேச வேண்டியது உங்கள் வேலை.

முதல் மூன்று வாரம், நடத்துகிற இருவரைத் தவிர மற்றப் பெற்றோரை உள்ளே விட வேண்டாம். உங்களையும் சேர்த்துத்தான். மகளை வாசலில் விட்டுவிடுங்கள்; அவள் குழுவை நடத்தும் இருவரில் நீங்கள் ஒருவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் "பேசினியா?" என்று கேட்காமல், என்ன செய்தாள் என்று அவளாகச் சொல்லும்வரை விட்டுவிடுங்கள்.